911-ஐ முந்தக் கூடாது

ஒரே நிறுவனம் விலை கூடியது ஒன்றும் குறைந்தது ஒன்றுமாக இரண்டு ஸ்போர்ட்ஸ் கார்களைத் தயாரிக்கும்போது, அவற்றின் விலைகளுக்கு இடையே எவ்வளவு தூரம் இருக்க வேண்டும் என்பதை விற்பனைப் பிரிவு தீர்மானித்துவிடலாம். அவற்றின் திறன்களுக்கு இடையேயும் அதே தூரம் தானாக அமைந்துவிடும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. விலை குறைந்த கார் எடை குறைவாகவும் வடிவமைப்பில் புதியதாகவும் இருந்துவிட்டால், எவரும் திட்டமிடாமலேயே அது மூத்த காரை எட்டிப் பிடித்துவிடும். அப்படிப் பிடித்துவிடாமல் பார்த்துக்கொள்வதும் கார்த் தொழிலில் பொறியாளர்களின் வேலைகளுள் ஒன்றாகவே நெடுங்காலமாக இருந்துவருகிறது. இந்தக் கட்டுப்பாட்டை எந்த நிறுவனமும் விளம்பரத்தில் சொல்வதில்லை என்றாலும், தொழில்நுட்ப விவர அட்டவணைகளை வரிசையாக அடுக்கிப் படிப்பவர்களின் கண்ணுக்கு அது தப்புவதில்லை.

ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட போர்ஷே நிறுவனத்தின் அட்டவணைகள் இதற்கு மிகத் தெளிவான சான்று. 2005-இல் அறிமுகமான, விலை குறைந்த கேமன் எஸ் காரின் எஞ்சின் 295 குதிரைத்திறன் கொண்டது. அதே காலத்தில் விற்பனையில் இருந்த, விலை கூடிய 911 வரிசையின் அடிப்படை மாடலான கரேராவின் திறன் 325. 2009-இல் இரண்டும் புதுப்பிக்கப்பட்டபோது கேமன் எஸ் 320-க்கும் கரேரா 345-க்கும் உயர்ந்தன. அடுத்த தலைமுறையில் அந்த எண்கள் 325, 350 என்றும், 2016-ஐ ஒட்டி இரண்டும் டர்போ எஞ்சினுக்கு மாறியபோது 350, 370 என்றும் ஆயின. இடைவெளி முப்பதிலிருந்து இருபத்தைந்துக்கும், பின்னர் இருபதுக்கும் சுருங்கியதே தவிர ஒருமுறைகூட மறையவில்லை. பத்தாண்டுக்கு மேற்பட்ட காலத்தில் எஞ்சின்களின் கொள்ளளவும் எரிபொருள் செலுத்தும் முறையும் சிலிண்டர்களின் எண்ணிக்கையும்கூட மாறிய பிறகும் இந்த வரிசை மட்டும் குலையாமல் நின்றதைத் தற்செயல் என்று கொள்வது கடினம்.

இந்த வரிசைக்குக் காவல் ஏன் தேவைப்பட்டது என்பதை அறிய, எஞ்சின் வைக்கப்பட்டிருக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். 1963-இல் பிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் முதன்முதலாக வைக்கப்பட்ட 911-இல் எஞ்சின் பின் அச்சுக்கும் பின்னால், ஏறத்தாழ வண்டிக்கு வெளியே தொங்குவதுபோல் அமைந்திருக்கிறது. ஃபோக்ஸ்வேகன் பீட்டிலிலிருந்து போர்ஷே 356 வழியாக வந்த மரபு அது. கேமனிலும் அதன் திறந்த கூரை வடிவமான பாக்ஸ்டரிலும் எஞ்சின் ஓட்டுநருக்குப் பின்னால், பின் அச்சுக்கு முன்னால் இருக்கிறது. வண்டியின் மிகக் கனமான உறுப்பு வண்டியின் மையத்துக்கு நெருக்கமாக இருந்தால், வளைவில் வண்டியைத் திருப்பவும், திரும்பிய வண்டியை நேராக்கவும் தேவைப்படும் விசை குறைகிறது. சுழற்சியை எதிர்க்கும் இப்பண்பை இயற்பியல் நிலைமத் திருப்புத்திறன் என்கிறது. பின்னால் தொங்கும் எஞ்சினுக்கும் சில நன்மைகள் உண்டு. கிளம்பும்போது பின் சக்கரங்கள் தரையை இறுகப் பற்றிக்கொள்ளும். முன்னிருக்கைகளுக்குப் பின்னால் குழந்தைகள் உட்காரும் அளவுக்கு இரண்டு சிறு இருக்கைகளுக்கும் இடம் கிடைக்கும். ஆனால் கையாளுதல் என்ற ஒரே அளவுகோலை எடுத்துக்கொண்டால், போர்ஷேயின் பொறியாளர்கள் விலை குறைந்த காருக்கே சாதகமான இடத்தைக் கொடுத்திருந்தார்கள் என்பதை மறுக்க முடியாது. நிறுவனமே அதைப் பந்தயத் தளத்தில் ஒப்புக்கொண்டது: 2017 பருவத்துக்கான 911 ஆர்.எஸ்.ஆர். பந்தயக் காரில் எஞ்சினைப் பின் அச்சுக்கு முன்னால் நகர்த்திவிட்டு, பெயரை மட்டும் 911 என்றே வைத்துக்கொண்டது.

கட்டுப்பாடு எங்கே ஒளிந்திருக்கிறது

குதிரைத்திறன் என்பது எல்லோரும் பார்க்கும் எண். உண்மையில் கட்டுப்பாடு அதிகம் செயல்படுவது, வாங்குபவர் கேட்க மறந்துவிடும் உறுப்புகளில்தான். முதல் கேமனில் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் என்ற உறுப்பைக் கூடுதல் பணம் கொடுத்தாலும் தொழிற்சாலையிலிருந்து பெற முடியவில்லை. டிஃபரன்ஷியல் என்பது வளைவில் வெளிச்சக்கரம் அதிக தூரமும் உட்சக்கரம் குறைந்த தூரமும் ஓட வேண்டியிருப்பதால், இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம்கொடுக்கும் பல்சக்கரத் தொகுதி. வேகமாக வளையும்போது எடையின் பெரும்பகுதி வெளிப்பக்கம் சாய்ந்து, உட்சக்கரம் தரையில் லேசாகத் தொட்டுக்கொண்டிருக்கும் நிலையில், சாதாரண டிஃபரன்ஷியல் எஞ்சினின் ஆற்றலை அந்த உட்சக்கரத்தின் வழியே வீணாக வழியவிடுகிறது. சக்கரம் வெறுமனே சுழலும், வண்டி முன்னே பாயாது. இரு சக்கரங்களின் வேக வேறுபாட்டுக்கு வரம்பு வைத்து இதைத் தடுப்பதே லிமிடெட் ஸ்லிப் வகை. நடு எஞ்சின் அமைப்பின் பலன் வளைவிலிருந்து வெளியேறும் அந்தக் கணத்தில்தான் முழுமையாக வெளிப்படும்; அந்தக் கணத்துக்கு வேண்டிய உறுப்பு மட்டும் விருப்பப் பட்டியலில் இல்லை. 2009 புதுப்பிப்பில்தான் அது பட்டியலுக்கு வந்தது.

விலையிலும் ஒரு விநோதம் இருந்தது. கூரையைத் திறந்து மூடும் பொறிமுறை செலவுமிக்கது என்பதால், பொதுவாகத் திறந்த கூரைக் கார்தான் மூடிய கூரைக் காரைவிட விலை கூடுதலாக இருக்கும். போர்ஷே அதைத் தலைகீழாக்கி, கேமன் எஸ் காருக்குப் பாக்ஸ்டர் எஸ் காரைவிட அதிக விலை வைத்து, அதைப் பாக்ஸ்டருக்கும் 911-க்கும் நடுவே நிறுத்தியது. உற்பத்திச் செலவைக் கொண்டு இந்த விலையை விளக்க முடியாது. வரிசையில் அந்தக் காருக்கு ஒதுக்கப்பட்ட இடத்தைக் கொண்டே விளக்க முடியும். 2016-இல் 718 என்ற எண் சூட்டப்பட்ட தலைமுறையில்தான் பாக்ஸ்டரின் விலை கேமனின் விலைக்கு மேலே சென்று, உலக வழக்கத்தோடு பொருந்தியது.

தரத்தைத் திட்டமிட்டே குறைத்து விற்கும் இந்த உத்தி கார்களுடன் பிறந்ததல்ல. பிரெஞ்சுப் பொறியாளரும் பொருளியலாளருமான ஜூல் துப்புய், மூன்றாம் வகுப்பு ரயில் பெட்டிகளுக்குக் கூரை போடாமல் விட்டதன் காரணத்தை 1849-இலேயே ஆராய்ந்தார்: கூரைக்கு ஆகும் செலவு அற்பமானது, ஆனால் கூரை போட்டுவிட்டால் இரண்டாம் வகுப்புக்குப் பணம் கொடுக்கக்கூடியவர்களும் மூன்றாம் வகுப்பில் ஏறிவிடுவார்கள். 1996-இல் டெனகர், மகாஃபி என்ற இரு பொருளியலாளர்கள் இதற்குச் ‘சேதப்படுத்தப்பட்ட சரக்கு’ என்ற பெயரைக் கொடுத்தார்கள். அவர்கள் எடுத்துக்காட்டிய ஐ.பி.எம். லேசர் பிரின்டர் பாடப்புத்தக உதாரணமாகவே ஆகிவிட்டது: நிமிடத்துக்குப் பத்துப் பக்கம் அச்சிடும் பிரின்டரை ஐந்து பக்கமாக வேகம் குறைக்க, அதில் கூடுதலாகச் சில்லுகள் சேர்க்கப்பட்டன. தரம் குறைந்த சரக்கைச் செய்ய அதிகம் செலவானது என்பதுதான் இதன் சுவையான பகுதி. ஒரு நிறுவனத்தின் மலிவான சரக்கு, அதே நிறுவனத்தின் விலை கூடிய சரக்கின் வாடிக்கையாளரை இழுத்துக்கொள்வதை வணிகத்துறை தன்னினத்தைத் தானே தின்பது என்று சொல்கிறது. விலை கூடிய காரில்தான் லாப விகிதமும் பெரும்பாலும் கூடுதல் என்பதால், இழுத்துக்கொள்ளப்படும் ஒவ்வொரு வாடிக்கையாளரும் நிறுவனத்துக்கு நஷ்டமே.

பங்கிட்ட பாகங்கள், பங்கிடாத திறன்

ஆயினும், போர்ஷே எப்போதுமே 911-ஐக் காத்து நின்றது என்ற பரவலான கருத்து வரலாற்றுக்கு முழுமையாகப் பொருந்தவில்லை. 1969-இல் ஃபோக்ஸ்வேகனுடன் சேர்ந்து வெளியிட்ட 914 நடு எஞ்சின் கார்; அடிப்படை வடிவத்தில் அதற்குள் இருந்தது ஃபோக்ஸ்வேகனின் நான்கு சிலிண்டர் எஞ்சின் என்பதால் 911-ஓடு ஒப்பிடும் பேச்சுக்கே இடமில்லை. அதன் ஆறு சிலிண்டர் வடிவமான 914/6-க்குப் போர்ஷே தன் சொந்த எஞ்சினைத் தந்தபோதுதான் சிக்கல் எழுந்தது. அதற்குக் கிடைத்தது 911 டி மாடலின் 110 குதிரைத்திறன் கொண்ட 2 லிட்டர் எஞ்சின். அந்த நேரத்தில் 911 டி தானோ 2.2 லிட்டருக்கும் 125 குதிரைத்திறனுக்கும் உயர்ந்துவிட்டது. அண்ணன் போட்டுக் கழித்த சட்டை தம்பிக்கு வந்ததுபோல, மூத்த கார் கைவிட்ட எஞ்சின் இளைய காருக்கு வந்தது. 911 எஸ் மாடலின் 190 குதிரைத்திறன் எஞ்சினைப் பொருத்தி 916 என்ற பெயரில் திட்டமிட்ட கார், பதினொன்று மட்டும் செய்யப்பட்டு, விற்பனைக்கு வராமலே கைவிடப்பட்டது. அதன் செலவே அதை 911-க்கு மேல் தூக்கிவிட்டிருக்கும் என்பதால், இதில் எவ்வளவு கணக்கு, எவ்வளவு காவல் என்று பிரித்துச் சொல்வது எளிதல்ல.

அடுத்த பத்தாண்டில் நடந்தது இதற்கு நேர்மாறானது. நிறுவனத்தின் தலைவராக இருந்த எர்ன்ஸ்ட் ஃபூர்மான், முன் எஞ்சின் கொண்ட வி8 காரான 928-ஐ 1977-இல் வெளியிட்டு, அதுவே 911-இன் இடத்தைப் பிடிக்கும் என்று எண்ணியிருந்தார். 1981-இல் பொறுப்பேற்ற பீட்டர் ஷுட்ஸ்தான் 911-இன் உற்பத்தியை நிறுத்தும் முடிவை மாற்றினார். 1988-இல் வந்த 944 டர்போ எஸ் 250 குதிரைத்திறன் கொண்டது. அன்றைய 911 கரேராவுக்கு 231 மட்டுமே. விலை வரிசையில் கீழே தொடங்கிய ஒரு குடும்பம் கரேராவை எண்ணிக்கையில் தாண்டியபோதும் போர்ஷே பதறவில்லை. 944-க்கு முன்னால் எஞ்சின், நான்கு சிலிண்டர், நீரால் குளிரூட்டல். 911-க்குப் பின்னால் எஞ்சின், ஆறு சிலிண்டர், காற்றால் குளிரூட்டல். இரண்டும் வேறு வேறு மனிதர்களுக்கான வேறு வேறு பொருள்களாக இருந்ததால், எண்களின் வரிசை அப்போது அவ்வளவு முக்கியமாக இல்லை.

காவல் தேவைப்பட்டது சிக்கனத்தால். 1990-களின் தொடக்கத்தில் விற்பனை சரிந்து, நிறுவனத்தின் சுதந்திரமே கேள்விக்குள்ளானபோது, வென்டலின் வீடகிங் தலைமையில் பாக்ஸ்டரும் புதிய 911-உம் (996 என்ற உள்பெயர் கொண்டது) ஒன்றாக வடிவமைக்கப்பட்டன. 1996-இல் பாக்ஸ்டரும் அடுத்த ஆண்டு 996-உம் வந்தபோது, முகப்பு விளக்குகள் உட்பட முன்பாகத்தின் பெரும்பகுதியும் கதவுகளும் இரண்டுக்கும் பொதுவாக இருந்தன. நீரால் குளிரூட்டப்படும் கிடைநிலை ஆறு சிலிண்டர் எஞ்சினும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தது. இந்தச் சிக்கனம் போர்ஷேயை மீட்டது. ஆனால் அதுவரை இயல்பாகவே இருந்த வேற்றுமையை அழித்தும்விட்டது. பாகங்கள் வேறாக இருக்கும்வரை கார்கள் தாமாகவே வேறுபடுகின்றன. பாகங்கள் ஒன்றாகிவிட்டால் வேற்றுமையை யாரோ ஒருவர் உட்கார்ந்து தயாரிக்க வேண்டியிருக்கிறது. பாக்ஸ்டரின் முதல் எஞ்சினை 2.5 லிட்டர், 204 குதிரைத்திறன் என்று தாழ்வாக வைத்து, 996-க்கு 3.4 லிட்டரும் 300 குதிரைத்திறனும் கொடுத்தது அந்தத் தயாரிப்பின் முதல் படி. கேமனின் அட்டவணை அதன் தொடர்ச்சி.

அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் இந்த நிலையைப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே சந்தித்திருந்தது. ஒரே கூரையின் கீழ் ஷெவர்லே, போன்டியாக், பியூக், ஓல்ட்ஸ்மொபீல் எனப் பல பெயர்கள் எஞ்சின்களையும் சட்டகங்களையும் பங்கிட்டுக்கொண்டதே அதற்குக் காரணம். பொறியாளர் ஜான் டெலோரியன் போன்டியாக்கில் இருந்தபோது உருவான இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார்த் திட்டம், ஷெவர்லே கார்வெட்டின் சந்தையை அரித்துவிடும் என்பதால் மாதிரி வண்டிகளோடு நிறுத்தப்பட்டது. 1960-களில், கார்வெட் தவிர எந்தக் காரும் பத்து பவுண்டு எடைக்கு ஒரு குதிரைத்திறனுக்கு மேல் கொண்டிருக்கக் கூடாது என்ற உள்விதியும் இருந்தது. 1967 போன்டியாக் ஃபயர்பேர்டு 400-இல் இருந்தது அதைவிடப் பெரிய ஜி.டி.ஓ. காரில் இருந்த அதே 400 கன அங்குல எஞ்சின், எடையோ குறைவு. எனவே அதன் கார்புரேட்டரில், அதாவது காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் உறுப்பில், இரண்டாம் நிலைத் திறப்புகள் முழுவதும் விரியாதபடி இணைப்புக் கம்பியில் ஒரு சிறு உலோக நாக்கு வைக்கப்பட்டு, திறன் 325 என்று அறிவிக்கப்பட்டது. விவரம் அறிந்த மெக்கானிக் அந்த நாக்கை வளைத்துவிட்டால் மறைந்திருந்த திறன் வெளியே வந்துவிடும். அறுபது ஆண்டுக்கால வரலாற்றில் இந்தக் கொள்கை இவ்வளவு வெளிப்படையாகக் கைக்கு அகப்பட்டது வேறெங்கும் இல்லை எனலாம்.

பிற்காலத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் உலோக நாக்கை விட்டுக் காகிதத்துக்கு மாறியது. 1998-இல் ஷெவர்லே கமாரோவும் கார்வெட்டும் எல்.எஸ்.1 என்ற 5.7 லிட்டர் வி8 எஞ்சினைப் பகிர்ந்துகொண்டபோது, கமாரோவுக்கு 305 என்றும் கார்வெட்டுக்கு 345 என்றும் அறிவித்தார்கள். சக்கரத்தில் வந்து சேரும் ஆற்றலை அளக்கும் டைனோ இயந்திரத்தில் ஏற்றிப் பார்த்தவர்கள், வேறுபாடு அறிவிப்பில் உள்ளதைவிட மிகக் குறைவு என்று கண்டார்கள். ஃபோக்ஸ்வேகன் குழுமத்தில் ஆடி ஆர்8-உம் லம்போர்கினி கயார்டோவும் 5.2 லிட்டர் வி10 எஞ்சினைப் பங்கிட்டபோது ஆடிக்கு 525, லம்போர்கினிக்கு 560. பி.எம்.டபிள்யூ 2018-இல் எம்2 காம்பெடிஷனுக்கு எம்4-இன் எஞ்சினையே கொடுத்து, 431-ஐ 410 ஆக்கியது.

எல்லாக் குறையும் சதியல்ல

ஆர்வலர்கள் ஒவ்வொரு குறைவுக்குப் பின்னாலும் சூழ்ச்சி காண்பது மிகை. 2016-இல் 718 கேமன் ஆறு சிலிண்டரை இழந்து நான்கு சிலிண்டர் டர்போவுக்கு மாறியதில் புகை வெளியீட்டு விதிகளின் பங்கும் உண்டு. அதன் ஒலியை வாங்குபவர்கள் விரும்பவில்லை என்பது வேறு. பெரிய எஞ்சினுக்குப் பெரிய பிரேக்கும் உறுதியான கியர்பாக்ஸும் குளிரூட்டும் வசதியும் தேவை. அவை விலையை உயர்த்தும். இன்னொரு கோணமும் உண்டு: கட்டுப்பாடே இல்லையென்றால் பல நிறுவனங்கள் மலிவான ஸ்போர்ட்ஸ் காரைச் செய்யவே செய்யாது. மூத்த மாடலுக்கு ஆபத்தில்லை என்ற உறுதியின் பேரில்தான் நிர்வாகக் குழு அதற்கு அனுமதியே கொடுக்கிறது. கூரையில்லாத பெட்டி அநீதி என்றாலும், அந்தப் பெட்டியும் இல்லாதிருந்தால் ஏழைப் பயணி நடந்தே போயிருப்பார் என்ற வாதம் முற்றிலும் பொய்யல்ல. ஆனால் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியலைப் பணம் கொடுத்தும் விற்க மறுப்பதை இந்த வாதத்தால் நியாயப்படுத்த முடியாது.

மூத்த மாடல் மேலே நகர்ந்துவிட்டால் காவல் தளர்கிறது. 911 தலைமுறைக்குத் தலைமுறை அகலமும் சொகுசும் விலையும் கூடிக்கொண்டே போனது. கீழே காலி இடம் உண்டாயிற்று. 2015-இல் ஆந்த்ரியாஸ் பிராய்னிங்கர் தலைமையிலான போர்ஷேயின் ஜி.டி. பிரிவு உருவாக்கிய கேமன் ஜி.டி.4-க்கு 911 கரேரா எஸ் காரின் 3.8 லிட்டர் எஞ்சினே கிடைத்தது. 385 குதிரைத்திறனுடன் அது அடிப்படை கரேராவைத் தாண்டிவிட்டது. அப்போதும் கரேரா எஸ் 400-இல் பதினைந்து முன்னால் நின்றது. ஜி.டி.4-ஐக் கையால் மாற்றும் கியர்பாக்ஸோடு மட்டுமே வாங்க முடிந்தது. வேகமாகக் கியர் மாற்றும் பி.டி.கே. தானியங்கிக்கு இடமிருக்கவில்லை. ஓட்டும் இன்பத்துக்காகவே இந்த முடிவு என்றார்கள். அதில் உண்மை இருந்தது. ஆனால் சுற்று நேரத்தைக் கூட்டுவதிலும் அந்த முடிவு உதவியது. கியர் விகிதங்களும் நீளம்: 2019-இன் 4 லிட்டர் ஜி.டி.4-இல் இரண்டாம் கியரிலேயே மணிக்கு 130 கிலோமீட்டரைத் தாண்டிவிடலாம். அதாவது பெரும்பாலான பொதுச் சாலைகளில் இரண்டாம் கியரில்கூட எஞ்சினை அதன் உச்சச் சுழற்சிக்குக் கொண்டுபோக வேக வரம்பு இடம்தராது.

2021 நவம்பரில் வந்த 718 கேமன் ஜி.டி.4 ஆர்.எஸ். தான் எல்லையைக் கடைசிவரை தள்ளிய கார். 911 ஜி.டி.3-இன் 4 லிட்டர் எஞ்சின், நிமிடத்துக்கு 9,000 சுழற்சி, பி.டி.கே. கியர்பாக்ஸ் என அனைத்தும் கொடுக்கப்பட்டன. திறன் 500, ஜி.டி.3-க்கு 510. எஞ்சினின் திசை மாறியதால் புகைக்குழாய் நீண்டு, பத்துக் குதிரைத்திறன் குறைந்தது என்று நிறுவனம் விளக்கியது; விளக்கம் பொறியியல்ரீதியாக ஏற்கத்தக்கதே. நியூர்பர்க்ரிங் பந்தயப் பாதையின் 20.832 கிலோமீட்டர் முழுச் சுற்றை ஜி.டி.3 6 நிமிடம் 59.927 நொடியிலும், ஜி.டி.4 ஆர்.எஸ். 7 நிமிடம் 9.300 நொடியிலும் முடித்தன. ஜி.டி.3-க்கு முன் சக்கரங்களில் இரட்டை விஷ்போன் என்ற பந்தயவகை சஸ்பென்ஷன் உண்டு, ஜி.டி.4 ஆர்.எஸ்.-க்கு இல்லை. வரிசை அங்கும் குலையவில்லை.

பாகங்கள் ஒன்றாக ஒன்றாக வேற்றுமையைச் செயற்கையாகச் செய்ய வேண்டியிருக்கிறது என்ற போக்கின் கடைசி நிலையை மின்சாரக் கார்களில் காணலாம். 2016-இல் டெஸ்லா விற்ற மாடல் எஸ் 60 கார்களுக்குள் இருந்தது 75 கிலோவாட் மணி பேட்டரி. மீதியை மென்பொருள் பூட்டிவைத்திருந்தது. பணம் கட்டினால் திறக்கும். 2017 செப்டம்பரில் இர்மா புயலுக்கு அஞ்சி ஃபுளோரிடா மக்கள் ஊரைக் காலிசெய்தபோது, டெஸ்லா அந்தப் பூட்டைத் தொலைவிலிருந்தே தற்காலிகமாகத் திறந்துவிட, உரிமையாளர்களுக்குக் கூடுதல் கிலோமீட்டர்கள் கிடைத்தன. 2022-இல் மெர்சிடிஸ் பென்ஸ், தன் மின்சாரக் கார்களின் கூடுதல் வேகமெடுக்கும் திறனை ஆண்டுக்கு 1,200 டாலர் சந்தாவுக்கு அமெரிக்காவில் அறிவித்தது. ஃபயர்பேர்டின் உலோக நாக்கை இடுக்கியால் வளைக்க முடிந்தது. இந்தப் பூட்டின் சாவியோ வண்டியை வாங்கியவரிடம் இல்லை.

போர்ஷேக்கு இந்தச் சிக்கலிலிருந்து விடுபட ஒரு வழி சில காலம் தெரிந்தது. கேமன், பாக்ஸ்டர் வாரிசுகளை முழு மின்சாரக் கார்களாகச் செய்து, 911-ஐ மட்டும் பெட்ரோலோடு வைத்துக்கொள்வது என்பது திட்டம். அப்படி நடந்திருந்தால் 944 காலத்தைப்போல இரண்டும் மீண்டும் இயல்பாகவே வேறுபட்டிருக்கும். 2024-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் இணையப் பாதுகாப்பு விதியால் பெரும்பாலான 718 மாடல்கள் அங்கே விற்பனையிலிருந்து விலகின. ஆனால் மின்சார ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு எதிர்பார்த்த தேவை வரவில்லை. 2025-இல் நிறுவனம் திட்டத்தைத் திருத்தி, அடுத்த 718 வரிசையின் உயர் மாடல்களில் பெட்ரோல் எஞ்சினும் இருக்கும் என்று அறிவித்தது. அந்த எஞ்சினுக்கு எத்தனை குதிரைத்திறன் அனுமதிக்கப்படும் என்ற கேள்வி ஸ்டுட்கார்டில் மறுபடியும் மேசைக்கு வந்திருக்கிறது.